தாய்மாமன் கறந்த பால்

என் மாமியார் பால் திருடுகிறார் என்று ஒரு மழைக்காலம் முழுவதும் நம்பினேன். தன் வீட்டுப் பாலைத் தானே எடுத்து அடுத்த தெருவில் இருக்கும் தன் மகள் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதைத் திருட்டு என்று சொல்லலாமா என்று யாராவது கேட்கலாம். நான் சொல்வேன். மாடு என் பிறந்த வீட்டுச் சீர். அது குறைவாகக் கறந்தால் பேச்சு என்னைத்தான் வந்து சேரும்.

நான் பிறந்தது கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில், முந்திரிக்காட்டுக்கு நடுவில் உள்ள ஓர் ஊர். வாழ்க்கைப்பட்டது ஆலங்குடிப் பக்கம். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. வீட்டில் நானும் மாமியாரும் என் மகளும். ஒரு தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். சந்தேகமும் அதே வேகத்தில் வரும், ஆனால் அதைக் கவனம் என்று சொல்லிக்கொள்வேன்.

மகளுக்குக் காது குத்தியபோது என் அண்ணன் சீர்த்தட்டுகளோடு ஒரு கறவை மாட்டையும் கன்றையும் கொண்டுவந்தார். குட்டியானை வண்டியில் மாடு, பின்னால் வேனில் சொந்தபந்தம், முன்னால் மேளம். மாட்டின் கொம்புக்கு மஞ்சள் தடவி, கழுத்தில் மாலை போட்டிருந்தார்கள். எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. மாடு சீராக வந்தால் கொண்டுவந்த தாய்மாமனே அதைச் சபைக்கு முன்னால் கறக்க வேண்டும். அந்தப் பாலைக் காய்ச்சிப் பிள்ளைக்குச் சங்கில் புகட்டிய பிறகுதான் பந்தி.

அண்ணனுக்கு வாய் கொஞ்சம் பெரிது. அந்த மாட்டின் வம்சத்தைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் ஜாதகம் வாசிப்பது போல இருக்கும். பாட்டி உள்ளூர் நாட்டு மாடு. அதற்குக் கால்நடை மருந்தகத்தில் ஜெர்சி சினை ஊசி போட்டுப் பிறந்தது தாய். தாய்க்கு நல்ல கலப்புக் காளையின் ஊசியாகக் கேட்டு வாங்கிப் போட்டுப் பிறந்தது இது. தாய் நாளைக்குப் பத்து லிட்டர் கறந்தது, மகள் அதற்குக் கீழே போகாது என்று மைக்கைப் பிடித்தே சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் பிறந்த வீட்டு மானம் அந்த நிமிஷத்திலிருந்து மாட்டின் மடிக்குப் போய்விட்டது.

கறப்பதற்கு முன்னால், மாடு மிரண்டிருக்கிறது, தண்ணீர் காட்டிக் கூட்டிவருகிறேன் என்று அதைக் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோனார். திரும்பி வந்து உட்கார்ந்து கறந்தார் பாருங்கள், வாளியில் நுரை பொங்கி விளிம்புக்கு வந்தது. ஆளாளுக்கு செல்போனில் வீடியோ எடுத்தார்கள். என் நாத்தனாரும் எடுத்தாள். அன்றைக்கு நான் பந்தியில் பரிமாறிய வேகத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அவ்வளவு பெருமை.

அண்ணன் ஊருக்குப் போன மறுநாளே பால் பாதியானது. அதற்கு அடுத்த நாள் இன்னும் குறைந்தது. புது இடம், பழகட்டும் என்று இரண்டு வாரம் பொறுத்தோம். பழகவில்லை. வீட்டில் கறவை மாமியார் வேலை. நான் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பேன். அவர் வாளியைக் கொண்டுவந்து அடுப்படி வாசலில் வைக்கும்போது, அதற்குள் எட்டிப் பார்க்காமலே எனக்கு அளவு தெரிந்துவிடும். வாளி வைக்கும் சத்தத்திலேயே அது காலி என்று தெரியும்.

மாமியார் நேராக எதையும் சொல்ல மாட்டார். ஊசியில் பிறந்த மாடு, அப்பன் யாரென்றே தெரியாது, அது எங்கே வம்சத்தைக் காப்பாற்றப் போகிறது என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் எனக்குக் கேட்கிற மாதிரி சொல்வார். நான் விடவில்லை. காளையின் விவரம் மருந்தகத்தில் இருக்கும், தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதி வரும், பட்டாணிச் செடியிலேயே அதை நிரூபித்துவிட்டார்கள் என்று அடுப்படியில் நின்று பாடம் எடுத்தேன். பட்டாணி பால் கறக்குமா என்று கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது.

அந்தக் கோபத்தில்தான் பால் நாத்தனார் வீட்டுக்குப் போகிறது என்ற முடிவுக்கு வந்தேன். யோசித்துப் பார்த்தால் எல்லாம் பொருந்தியது. சாயங்காலக் கறவை நான் பள்ளியில் இருக்கும் நேரம். நாத்தனார் பையன் அடிக்கடி வந்து போகிறான். ஒருநாள் ஏதோ சாக்கு வைத்து அவள் வீட்டுக்குப் போய், அவள் டீ போடும்போது பின்னாலேயே நின்றேன். நான் பால் சட்டியை எட்டிப் பார்ப்பதைக் கவனித்து, பால் திரிந்திருக்கிறதா அண்ணி என்று கேட்டாள். பாக்கெட் பால்தான். வெளியே வரும்போது குப்பைக் கூடையையும் பார்த்தேன். வெட்டிய பாக்கெட் உறைகள் கிடந்தன. மனசு ஒப்பவில்லை, எனக்குக் காட்டுவதற்காகவே போட்டு வைத்திருக்கிறாளோ என்று நினைத்தேன். சந்தேகம் பிடித்தால் புத்தி இப்படித்தான் வேலை செய்கிறது.

இடையில் அண்ணன் வந்து போய்க்கொண்டிருந்தார். முந்திரி வியாபார வேலையாக ஆலங்குடி வருகிறபோதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வண்டியைத் திருப்புவார். வந்ததும் மாட்டைப் பற்றிக் கேட்பார். பால் குறைந்திருக்கிறது என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொல்வேன். அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, நீங்கள் எல்லாம் அங்கிட்டு இருங்கள், ஆள் நின்றால் மாடு மிரளும் என்று எங்களை விரட்டிவிட்டுக் கொட்டகைக்குள் போவார். திரும்பி வரும்போது வாளி நிறைந்திருக்கும். ஒவ்வொரு முறையும்.

நான் அந்த வாளியை மாமியார் கண்ணில் படும்படி நடு வீட்டில் வைப்பேன். வளர்த்த கைக்கும் மற்ற கைக்கும் வித்தியாசம் இருக்குமே என்று சொல்வேன். மாமியார் வாளியைப் பார்ப்பார், அண்ணனைப் பார்ப்பார், கைராசிதான் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். அந்தக் குரலில் ஏதோ இருந்தது. பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் நானே காவல் காக்கத் தீர்மானித்தேன். மாமியார் கறக்கும்போது கன்றைப் பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பக்கத்திலேயே நின்றேன். அவர் மடியைக் கழுவினார், தடவிக் கொடுத்தார், காம்பைப் பிடித்து இழுத்தார். விரலுக்கு நோகிற அளவு இழுத்தும் கொஞ்சம்தான் வந்தது. மடி கனமாகத்தான் இருந்தது, பாலை மாடு உள்ளுக்குள் பிடித்து வைத்திருந்தது. அடுத்த வேளை நான் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு அதுவும் வரவில்லை. ஆக, யாரும் திருடவில்லை. நிம்மதி வர வேண்டும், ஆனால் வரவில்லை. அப்படியென்றால் குறை மாட்டில் இருக்கிறது, மாடு என் பிறந்த வீட்டு மாடு.

அதே விடுமுறையில் இன்னொன்றையும் பார்த்தேன். அண்ணன் வந்திருந்தார். கொட்டகை வாசலில் அவர் தலை தெரிந்ததும் மாடு பின்வாங்கி, கயிறு இழுபடச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. கழுத்துத் தோல் நடுங்கியது. தன்னைக் கன்றிலிருந்து வளர்த்தவரைப் பார்த்தால் மாடு நக்க வரும். இது ஏன் ஒதுங்குகிறது என்று கேட்டேன். வேலி தாண்டியதற்கு ஒருநாள் அடித்துவிட்டேன், அதை மனசில் வைத்திருக்கிறது என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அன்றிரவு படுத்தபோது அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மாடு சினைப் பருவத்துக்கும் வரவில்லை. அதைப் பார்க்க அரசு மருந்தகத்து டாக்டரம்மா வந்தபோது மாமியார் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். டாக்டரம்மா என்னைவிட வயதில் சின்னவர், அதிர்ந்து பேசாதவர். மாட்டைச் சுற்றி வந்தார். கழுத்தில் கை வைத்தவர் அதே இடத்தில் திரும்பத் திரும்பத் தடவினார். என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். தோலுக்கு அடியில் பட்டாணி பட்டாணியாக முடிச்சு.

"யாருங்க ஊசி போடுறது?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் யாரும் போடுவதில்லை என்றேன். அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. இருந்தாலும் பொறுமையாக விளக்கினார். பால் ஊறுவது வேறு, இறங்குவது வேறு. கன்று முட்டினால், பழகிய கை மடியைத் தடவினால், மாட்டின் உடம்பே ஒரு ஹார்மோனைச் சுரந்து பாலை இறக்கும். அதே ஹார்மோனை வெளியிலிருந்து ஊசியில் ஏற்றுவதைத்தான் பால் ஊசி என்கிறார்கள். ஏற்றியதும் உள்ளே பிடித்து வைத்ததெல்லாம் கொட்டிவிடும். அது புதிதாகப் பாலை உண்டாக்காது. பழக்கிவிட்டால் ஊசி இல்லாமல் மாடு இறக்காது, மடியில் தேங்கத் தேங்க ஊறுவதும் குறைந்துபோகும்.

என் முதல் நினைப்பு எங்கே போனது என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மாமியார் போடுகிறாரோ என்று நினைத்தேன். அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. மாமியார் கறந்தால் பால் இல்லை. பால் வருகிற நாள் ஒரே ஆள் வருகிற நாள்.

வம்சத்தையும் கேட்டேன். தாய் பத்து லிட்டர் கறந்தால் மகளும் பத்து கறக்க வேண்டாமா என்று. டாக்டரம்மா சிரித்தார். ஒரே தாய்க்கும் தகப்பனுக்கும் பிறந்தவர்கள் ஒரே உயரமா இருக்கிறார்கள் என்றார். வம்சம் இந்த அளவுக்குப் போகலாம் என்று ஓர் எல்லையைத்தான் காட்டும், தீவனமும் வெயிலும் எத்தனையாவது ஈற்று என்பதும்தான் மீதியை முடிவு செய்யும். இந்த மாட்டின் உடல்வாகுக்கு ஆறோ ஏழோ கறந்தால் நல்ல மாடு என்றார். போகும்போது வாசலில் நின்று, அந்தத் தாய் பத்து கறந்ததை நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டார். சும்மா கேட்டதாகத்தான் இருக்கும்.

அண்ணன் அடுத்து வந்தபோது நான் அவருக்கு முன்னாலேயே கொட்டகைக்குள் போய் நின்றுகொண்டேன். வழக்கம்போல அங்கிட்டுப் போ என்றார். போகவில்லை.

"இடுப்புல என்னண்ணே சொருகி வச்சிருக்க?"

மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு கைலி மடிப்பை அவிழ்த்து எடுத்துக் காட்டினார். லேபிள் இல்லாத சின்ன பிளாஸ்டிக் புட்டி, ஒரு சிரிஞ்சு. எனக்கு அழுகை வந்தது. அழுதால் விட்டுவிடுவேன் என்று பயந்து குரலை உயர்த்தினேன்.

"சபையில பால் எறங்காமப் போயிருந்தா என்னத்தா ஆயிருக்கும்?" என்றார். "புது எடம், மைக்கு, மேளம், அம்புட்டுச் சனம். எந்த மாடும் அடக்கத்தான் செய்யும். ஒன்னைய ஆயுசுக்கும் சொல்லிக் காட்டிருப்பாங்க. அன்னைக்கி ஒரு நாளுதான் போடணும்னு இருந்தேன்."

அந்த ஒரு நாளுக்காக ஊரிலேயே வெள்ளோட்டம் பார்த்திருக்கிறார். மாடு கன்று போட்டதிலிருந்து தினமும். கடைசி நேரத்தில் ஊசி வேலை செய்யாமல் போய்விடக் கூடாதாம். அப்படிப் பழக்கிக் கொண்டுவந்து விட்டுவிட்டு, எங்கள் வீட்டில் பால் இறங்கவில்லை என்றதும் ஓடி ஓடி வந்து போட்டிருக்கிறார். எனக்காக. அதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டுத் தூங்கியிருப்பேன்.

"இதோட தாய்க்கும் போட்டியா?"

"சத்தியமா இல்லத்தா."

சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் அந்தத் தாய் மாட்டின் பாலைக் குடித்துத்தான் கல்லூரிக்குப் போனேன். எங்கள் வீட்டுப் பால் என்று விடுதித் தோழிகளிடம் பீற்றியிருக்கிறேன். இப்போது அந்தப் பாலையெல்லாம் ஒவ்வொரு டம்ளராகத் திரும்ப எடுத்து முகர்ந்து பார்க்கத் தோன்றியது. அவர் சத்தியம் செய்தார், நான் நம்பவில்லை. நம்பாததற்கு ஆதாரமும் இல்லை. இன்றைக்கும் அதே நிலைதான்.

மெதுவாக நிறுத்திவிடலாம், மாமியாருக்குத் தெரிய வேண்டாம் என்றார் அண்ணன். தலையாட்டினேன். ஆனால் அவர் வண்டி தெருமுனை தாண்டியதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஊசியை நிறுத்தினால் பால் சுத்தமாக நின்றுபோகும். மாமியார் இந்த மாட்டைத் தள்ளிவிடலாம் என்று ஏற்கனவே புலம்பத் தொடங்கியிருந்தார். விற்றால் கறக்காத மாட்டை யார் வாங்குவார்கள், அடிமாட்டு வண்டிதான் வரும். அதோடு, ஒரு மழைக்காலம் முழுக்க அந்த மனுஷியை மனசுக்குள் திருடியாக்கி வைத்திருந்தேன். உள்ளதைச் சொல்லிவிடுவோம், உண்மையைச் சொன்னால் மரியாதைதானே கூடும் என்று நினைத்தேன். நான் செய்த அசட்டுத்தனங்களில் இது முதல் வரிசை.

மாமியார் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சபையில் போட்டது, ஊரில் பழக்கியது, வந்து வந்து போட்டது. அவர் கை நிற்கவே இல்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, முறத்தை ஒரு தட்டு தட்டினார்.

"ஒங்க அண்ணன் வந்து வந்து ஊசி போட்டுட்டுப் போயிருக்கு. ஒனக்கு இத்தன நாளாத் தெரியாதாக்கும்."

தெரியாது என்றேன். சத்தியமாகத் தெரியாது என்றேன். சொல்லும்போதே என் காதுக்கு அது அண்ணன் குரல் மாதிரி கேட்டது. மாமியார் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சாயங்காலத்துக்குள் நாத்தனார் வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. அண்ணனும் தங்கையும் பேசி வைத்துச் செய்தது, டாக்டர் கண்டுபிடித்ததால் வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டாள் என்பது கதை. கேட்பதற்கு என் கதையைவிட அதுதான் நம்பும்படி இருந்தது.

கணவர் இருக்கிறார், அவர் என்னை அறிவார் என்று தைரியம் வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை போனில் விவரமாகச் சொன்னேன். அதற்கு முன்பே அவர் அம்மா சொல்லியிருந்தார் போலிருக்கிறது, எந்த இடத்திலும் அவர் ஆச்சரியப்படவில்லை. கடைசியில் கேட்டார்.

"நெசமாவே ஒனக்குத் தெரியாதா?"

"தெரியாதுங்க."

"சரி, விடு," என்றார்.

போனை வைத்த பிறகு அந்த இரண்டு சொல்லையே நினைத்துக்கொண்டிருந்தேன். நம்பியிருந்தால் கோபப்பட்டிருப்பார். என் அண்ணனைத் திட்டியிருப்பார், தன் அம்மாவைக் கடிந்திருப்பார். சரி, விடு என்பது மன்னிக்கிறவர் சொல்கிற சொல். எதற்காக என்னை மன்னித்தார்?

மாட்டை நான் எடுத்துக்கொண்டேன். மாமியார் இனி அதைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். டாக்டரம்மா சொன்னபடி, கறப்பதற்கு முன்னால் கன்றை நன்றாக ஊட்டவிட்டேன். வெதுவெதுப்பான தண்ணீரில் மடியைக் கழுவி, அவசரப்படாமல் தடவிக் கொடுத்தேன். பழகிய குரல் வேண்டும் என்றாரே, என்ன பேசுவது என்று தெரியாமல் மறுநாள் எடுக்க வேண்டிய பாடத்தைச் சொல்லிக்கொண்டிருப்பேன். ரொம்ப நாள் ஒன்றும் வரவில்லை. குழந்தைக்கே பாக்கெட் பால்தான். கை வலித்து, மாட்டின் விலாவில் நெற்றியைச் சாய்த்து, உன் வம்சமும் வேண்டாம் என் வம்சமும் வேண்டாம், கொஞ்சம் இறக்கு என்று கெஞ்சியிருக்கிறேன். பிறகு ஒருநாள், கன்றை விலக்கிய பிறகும் காம்பில் பால் நிற்காமல் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, பங்குனி வாக்கில் நாளைக்கு ஆறு லிட்டரைத் தொட்டது.

அன்றைக்கு வாளியை நடு வீட்டில் வைத்தேன். மாமியார் வாளியைப் பார்த்தார், அப்புறம் என் கையைப் பார்த்தார். அடுத்த வேளையிலிருந்து கறவை நேரத்தில் அவர் கொட்டகை வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தார். நான் வைக்கோல் கூடையை நகர்த்தினால் கூடைக்குள் பார்ப்பார், கன்றை அவிழ்க்கக் குனிந்தால் என் இடுப்பைப் பார்ப்பார். பால் குறைந்தபோது எங்கள் மாட்டின் வம்சம் சந்தேகத்தில் இருந்தது. பால் கூடியதும் நான் சந்தேகத்துக்கு வந்துவிட்டேன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் உட்காருவதற்கு முன்னால் அவர் முகத்துக்கு நேரே இடுப்பில் செருகியிருந்த முந்தானையை அவிழ்த்து உதறிக் காட்டினேன். கோபத்தில்தான் செய்தேன். அவர் அதைக் கோபமாக எடுத்துக்கொள்ளவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனார். மறுநாளும் வந்து, நான் உதறுவதற்காக நின்றார். உதறாமல் உட்கார்ந்தால் போகவே மாட்டார். அதனால் உதற ஆரம்பித்தேன்.

ஆடியில் கணவர் லீவில் வந்தார். நன்றாகத்தான் இருந்தார். எனக்குப் புடவை, பிள்ளைக்குச் சைக்கிள், என் அண்ணனுக்குக்கூட ஒரு சட்டை எடுத்து வந்திருந்தார். ஊசிப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. எனக்கும் நெஞ்சு லேசானது. அவர் வந்த மறுநாள் காலையில் நான் வாளியை எடுத்ததும், இரு, நானும் வாரேன், கன்னுக்குட்டியப் புடிச்சுக்கிறேன் என்று கூடவே எழுந்து வந்தார். கொட்டகைக்குள் இரண்டு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டுதான் நுழைந்தோம். நான் முக்காலியை இழுத்துப் போட்டு உட்காரப் போனேன். அவர் கன்றின் கயிற்றைக் கையில் பிடித்தபடி, பேச்சு நின்று, என் இடுப்புச் செருகலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் எழுந்து முந்தானையை அவிழ்த்து உதறினேன். அதற்குப் பிறகுதான் அவர் கன்றை அவிழ்த்துவிட்டார்.